ஓரியின் குதிரைக்குக் கீழே நிற்கும் பிள்ளைகள்

கொல்லிமலைச் செம்மேட்டில் வல்வில் ஓரிக்கு ஒரு சிலை உண்டு. குதிரைமேல் அமர்ந்த சிலை. சேந்தமங்கலத்தில் குடியிருக்கும் எமக்கு ஓரி ஏறத்தாழ அண்டைவீட்டுக்காரன். காளப்பநாயக்கன்பட்டி வழியே காரவள்ளிக்குச் சென்று, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்துவிட்டால் அவன் வந்துவிடுவான். வீட்டிற்கு விருந்தினர் வந்தால் அங்கே அழைத்துச் செல்வோம். சிலைக்கு முன் நின்று கடையெழு வள்ளல்களைப் பற்றிச் சிற்றுரை ஒன்று ஆற்றுவோம். விருந்தினர் கேட்கிறார்களா, கைபேசியைப் பார்க்கிறார்களா என்பதெல்லாம் எம் கவலையன்று. தமிழ் முதுகலை பயின்றவர்க்கு இஃது ஒரு தீராப் பிணி.

அத்தகைய சிற்றுரை ஒன்றின் நடுவே, அப்போது ஏழு வயது நிரம்பியிருந்த எம் மகள் குறுக்கிட்டாள்.

"அப்பா, குதிரை ஓட்ட எங்கப்பா சொல்லித் தருவாங்க?"

நாம் வாயடைத்து நின்றோம். சங்க இலக்கியத்தில் குதிரை என்று தலைப்புக் கொடுத்தால் குறிப்பின்றி ஒரு மணிநேரம் பேசுவோம். குதிரைக்குத் தமிழில் உள்ள பெயர்களை ஒரே மூச்சில் அடுக்குவோம்: பரி, புரவி, மா, இவுளி, பாய்மா, கலிமா, கந்துகம், துரகம். ஆனால் ஓர் ஏழு வயதுக் குழந்தைக்குக் குதிரையின்மேல் முறையாக அமரக் கற்றுத்தரும் ஓரிடம், ஓராள், இந்த நாமக்கல் - சேலம் சமவெளியில் எங்கேனும் உண்டா என்று கேட்டால், கைவிரிப்பதன்றி வேறு விடை எம்மிடம் இல்லை.

அந்த விடையைத் தேடி ஓராண்டு அலைந்தோம். இதனை அலைச்சலின் கதை என்பதினும் ஒரு வழக்கு என்பதே பொருந்தும். குற்றக்கூண்டில் முதலில் ஏற வேண்டியவர்கள் எம்மைப் போன்ற தமிழாசிரியர்களே என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறோம்.

ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர். அவனைக் கொன்ற திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். சிறுபாணாற்றுப்படை இவ்விரு செய்திகளையும் ஒருசேரத் தருகிறது. தலைவனுக்கும் அவனைச் சுமக்கும் விலங்கிற்கும் ஒரே பெயர் என்பது எவ்வளவு பெரிய செய்தி! ஏறியவன் வேறு, ஏறப்பட்டது வேறு என்று பிரித்துப் பாராத ஓர் உறவு அதில் உண்டு. வகுப்பில் இதைச் சொல்லும்போது எமக்கே மயிர்க்கூச்செறியும். மாணவரும் குறித்துக்கொள்வர், இரண்டு மதிப்பெண் வினாவிற்கு ஆகும். அத்துடன் சரி. அவ்வறையில் அமர்ந்திருக்கும் அறுபது பேரில் ஒருவரும், கரும்பலகை அருகே நிற்கும் நாம் உட்பட, குதிரையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தவரல்லர். ஐந்து கதியும் பதினெட்டுச் சாரியும் என்று உரைநூல்களில் படித்திருக்கிறோம். கடற்கரையில் காசு கொடுத்தால் நடத்திச் செல்லும் குதிரை அக்கதிகளுள் எதில் நடக்கிறது என்று கேட்டால் எம்மில் ஒருவர்க்கும் தெரியாது. எம்மிடம் உள்ளவை எல்லாம் சொற்குதிரைகள். கொள்ளும் கேட்பதில்லை, சாணமும் இடுவதில்லை.

இடையில் ஒன்று. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குவது என்ற பழமொழி எல்லோருக்கும் தெரியும். எம் இனத்தார் சிலர், அது குதிரையன்று, ஆற்றிடைக் குவிந்த மணல்மேடாகிய 'மண் குதிர்' என்று திருத்தம் சொல்லி மகிழ்வர். திருத்தம் சரியோ தவறோ, தமிழர்க்கு எஞ்சியிருந்த ஒரு குதிரையையும் அவிழ்த்துவிட்டார்களே என்பதுதான் எம் வருத்தம்!

இவ்வறியாமை இன்று நேற்றுப் பிறந்ததன்று. குதிரைகள் கடல்வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை பாடுகிறது. பாண்டியனின் அமைச்சர் குதிரை வாங்கக் கொண்டுசென்ற பொன்னைத் திருப்பெருந்துறையில் இறைப்பணிக்குச் செலவிட்ட வரலாறு நம் சமயக் கதைகளுள் தலையாயது. குதிரை வாங்குதல் என்பது ஓர் அரசின் கருவூலத்தையே காலியாக்கும் செலவாக இருந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிநாடு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறக்குமதியாவதையும், அவற்றைப் பேணத் தெரியாமையால் அவை மடிந்துபோவதையும் எழுதிவைத்திருக்கிறார். மிகைப்படுத்துபவர் என்று அவர்மேல் ஒரு பழி உண்டு. ஆயினும் பொருளை வாங்குவோம், அறிவை வாங்கோம் என்ற அந்தக் குறை எம் கண்முன்னும் நடப்பதால், அவரை நம்பாதிருக்க இயலவில்லை.

இனி, நாம் அலைந்த கதைக்கு வருவோம்.

முதலில் உடன்பணியாற்றுவோரைக் கேட்டோம். சிரித்தார்கள். "ஐயா, பெண்ணைக் குதிரையிலே ஏத்திப் படைக்கா அனுப்பப் போறீங்க? அபாகஸில் சேர்த்துவிடுங்க" என்றார் ஒருவர். முட்டைக்கும், லாரிக்குக் கூடு கட்டுவதற்கும், மதிப்பெண் விளைச்சலுக்கும் பேர்போன மாவட்டம் எமது. இங்கே ஒரு குழந்தை ஒன்றைக் கற்க விரும்புகிறது என்றால், அதனால் எத்தனை மதிப்பெண் என்பதே முதற்கேள்வி.

அடுத்து, குதிரையேற்றம் உண்டு என்று வண்ண அட்டையில் அச்சிட்டிருந்த உறைவிடப் பள்ளி ஒன்றிற்குச் சென்றோம். பெயர் வேண்டா. அட்டையில் வெண்குதிரை ஒன்று முன்னங்கால் தூக்கி நின்றது. வரவேற்பறையில் இருந்தவர் நீச்சற்குளத்தைக் காட்டினார். கணினி அறையைக் காட்டினார். குதிரை எங்கே என்றபோது, "இப்போ இல்லைங்க சார், ஆண்டு விழாவுக்கு வரும்" என்றார். அதாவது ஒளிப்படம் எடுக்கும் நாளில் வாடகைக்கு வந்து, படம் எடுத்ததும் போய்விடும். கட்டணப் பட்டியலில் மட்டும் அது ஆண்டு முழுதும் கட்டிக் கிடக்கிறது.

மூன்றாவதாக நிகழ்ந்ததை எழுதக் கை கூசுகிறது. பக்கத்து ஊர்த் திருவிழா ஒன்றில், மணமகன் ஊர்வலத்திற்கு விடப்படும் குதிரை ஒன்று நின்றது. ஒரு சுற்று இவ்வளவு என்று விலை கூறினார்கள். மகளின் முகத்தைப் பார்த்து மறுக்க மாட்டாமல் ஏற்றிவிட்டோம். தலைக்கவசம் இல்லை. அவள் கால் அங்கவடிக்கு எட்டவில்லை. பற்றிக்கொள்ளச் சேணத்தின் முன்முகப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிடித்திருந்த இளைஞர் பேண்டுக் குழுவின் தாளத்திற்குக் கடிவாளத்தைச் சுண்டிச் சுண்டி இழுக்க, குதிரை இடம்மாறி இடம்மாறிக் கால் தூக்கியது. கூடியிருந்தோர் குதிரை ஆடுகிறது என்று கை தட்டினர். இறங்கி வந்த மகள் அழவில்லை. "அப்பா, அதுக்கு வாய்ல ரத்தம்" என்றாள்.

பார்த்தோம். கடிவாளத்தின் இரும்பில் முட்கள் இருந்தன. இழுக்குந்தோறும் அவை வாயின் இரு ஓரங்களையும் குத்தும். வலி பொறாமல் தலையை உதறிக் கால் மாற்றுவதைத்தான் நாம் ஆட்டம் என்று கண்டு களித்திருந்தோம். இத்தகைய முட்கடிவாளம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. இழுவை, பொதி விலங்குகள்மீதான வதையைத் தடுக்க 1965இல் நடுவணரசு வகுத்த விதிகளிலேயே அத்தடை இருக்கிறது. விதிக்கு எம்மைவிட வயது அதிகம். அதனை அறியாதிருந்ததும், காசு கொடுத்து அந்த வாயைக் கிழித்ததும் நாம்தாம். இளைஞரைக் குறை சொல்லி ஒதுங்கிக்கொள்ள மனம் ஒப்பவில்லை.

அன்று இரவு மகள் கேட்டாள்: ஓரி தன் குதிரைக்கும் முள் போட்டிருப்பானா? நன்னன், பேகன், பாரி என்று நாம் சொல்லிக்கொடுத்த எக்கதையும் அக்கேள்விக்கு உதவவில்லை.

அதன் பிறகுதான் தொடக்கநிலைப் பயிற்சி என்றால் என்ன என்பதை ஒழுங்காகக் கற்கத் தொடங்கினோம். பணிநிமித்தம் சென்னை சென்றபோது அங்குள்ள பயிற்சிக்கூடம் ஒன்றின் வேலியோரம் இரண்டு காலைப்பொழுதுகள் நின்று பார்த்தோம், கற்பிப்போரிடம் கேட்டோம், கிடைத்த நூல்களைப் படித்தோம். இதனைச் சற்று விரித்தே எழுதுகிறோம். எம்மைப் போல் கேள்வி கேட்கும் பிள்ளையை வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் எவர்க்கேனும் உதவும்.

குழந்தை முதலில் குதிரையில் ஏறுவதில்லை. ஐயம் வேண்டா, இதுவே முதற்பாடம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்தவை. நேர் முன்னேயும் நேர் பின்னேயும் சிறிது இடம் அதற்குத் தெரியாது. ஆகவே பின்னாலிருந்து வருபவன் அதற்குப் புலிதான். தோள்பக்கமாக, பேசிக்கொண்டே அணுக வேண்டும். காது முன்னோக்கி நிமிர்ந்தால் ஆர்வம், பின்னே ஒட்டி மடிந்தால் சினம். தேய்த்துவிடுதல், குளம்பில் அடைந்த மண்ணைக் கொக்கியால் எடுத்தல், தண்ணீர் காட்டுதல், கயிற்றைப் பிடித்து நடத்திச் செல்லுதல் என்று சில நாள் தரையிலேயே கழியும். இங்கிலாந்தில் 1929இல் குழந்தைகளுக்கென்றே தொடங்கப்பட்ட போனி கிளப் என்னும் அமைப்பு, ஏறுவதற்குக் கொடுக்கும் அதே இடத்தை லாயத்து வேலைக்கும் கொடுக்கிறது. சாணம் அள்ளத் தெரியாதவர் அங்கே தேர்ச்சி பெற்றவராகார்.

பிறகு ஏற்றம். ஆறேழு வயதுக் குழந்தைக்கு வேண்டியது பந்தயக்குதிரை அன்று. தோளுயரம் நான்கடி பத்தங்குலத்திற்குட்பட்ட மட்டக்குதிரை. இளங்குதிரை கூடாது. உலகத்தைப் பார்த்து அலுத்துப்போன நடுவயதுக் குதிரையே நல்லாசிரியர் (கல்லூரியிலும் அப்படித்தான் என்று நினைக்கிறோம்). குதிரையேற்றத்திற்கென்று செய்த தலைக்கவசம் கட்டாயம். மிதிவண்டிக்கு அணிவது போதாது. குதியுள்ள மூடிய காலணி வேண்டும். குதி இல்லையேல் பாதம் அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து சிக்கும். விழும் பிள்ளை தரையில் இழுபடுவது அதனால்தான். ஏணிப்படி போன்ற ஒரு மேடையிலிருந்து இடப்பக்கமாக ஏற்றுவார்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்க அமர வேண்டும்.

லகானைக் குழந்தை கையில் உடனே கொடுப்பதில்லை. ஆசிரியர் நடுவில் நிற்க, நீளக் கயிறொன்றில் குதிரை அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும். குழந்தை கைகளை விரித்தும், முழங்காலைத் தொட்டும், கண்ணை மூடியும் அமர்ந்து பழகும். இதன் நோக்கம் மிக நுட்பமானது. தன் நிலையைத் தன் இடுப்பாலேயே தாங்கக் கற்காத ஒருவர் கையில் லகான் கிடைத்தால், சாயும்போதெல்லாம் அதைப் பிடித்தே தொங்குவார். தொங்குவது குதிரையின் வாயில். வாயை நோகடிக்காதிருக்கும் தகுதியைப் பெற்ற பிறகே வாய்க்குச் செல்லும் வார் கைக்கு வரும். அரைமணி நேரம் போதும். அதற்குமேல் சிறு தொடைகள் தாங்கா. நடை நன்கு பழகியபின், நடைக்கும் ஓட்டத்திற்கும் இடைப்பட்ட துள்ளுநடை. அதன் தாளத்திற்கேற்ப எழுந்தும் அமர்ந்தும் செல்ல அறிவதற்குள் மாதங்கள் போய்விடும். குதிரை இருக்கும் மண்ணில் ஏற்புவலிக் கிருமி மிகுதி ஆகையால் அதற்குரிய தடுப்பூசி முறையாகப் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவில் எம் மகள் பெற்றதையும் இதனையும் ஒப்பிட்டால், பயிற்சி என்ற பெயரில் விற்கப்படுவது என்ன என்பது விளங்கும். குழந்தையைச் சுமையாக ஏற்றிச் சுற்றிக் காட்டுகிறார்கள். உதகையிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் மெரினாவிலும் நடப்பதும் அதுவே. சுமை ஒன்றும் கற்காது. அங்கே குதிரை ஓட்டிகளும் செல்வர்களல்லர். நாளொன்றுக்கு இத்தனை சுற்று என்று கணக்கிட்டு வயிறு கழுவுபவர்கள். அவர்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதுவது எளிது. பத்துச் சுற்றுக்கு ஒரே தொகை, மூன்று நிமிடத்தில் ஒரு படம் என்று கேட்பவர்கள் பெற்றோராகிய நாம் இருக்கும்வரை அவர்கள் வேறு எதை விற்பார்கள்?

முறையான பயிற்சிக்கூடங்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. சென்னையில் உண்டு, கோவையில் உண்டு, ஆரோவில்லில் உண்டு. ஓசூர் தாண்டிப் பெங்களூர் சென்றால் உயர்தரமானதே உண்டு. அங்கே பயின்ற ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் இரு வெள்ளி வென்றார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச்சுற்று வரை சென்றார். 2023இல் ஹாங்சோவில் இந்திய அணி குதிரை நடைப் போட்டியில் தங்கம் வென்றபோது, 1982 டெல்லிக்குப் பின் நாற்பத்தோராண்டு கழித்து வந்த தங்கம் என்று நாளேடுகள் எழுதின. மகிழ்ச்சிதான். ஆனால் சுயநிதிக் கல்லூரி விரிவுரையாளரின் சம்பளத்தில், வாரம் இருமுறை கோவை சென்று திரும்பும் செலவையும் பயிற்சிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்த்தோம். கூட்டல் முடிவதற்குள் சம்பளம் முடிந்துவிட்டது.

இங்கேதான் எமக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பலர் வரிசையில் நிற்கிறார்கள்.

குதிரை பணக்காரர் விளையாட்டு, உமக்கேன் இந்த ஆசை என்பவர்கள் முதலில். ஐயா, பணக்காரர் விளையாட்டாக இருப்பது குதிரையின் இயல்பா, நம் ஏற்பாட்டின் விளைவா? மட்டைப்பந்தும் ஒருகாலத்தில் துரைமார் விளையாட்டே. குதிரை இந்நாட்டில் வண்டி இழுத்தது, தபால் சுமந்தது. எம் தந்தையார் காலத்தில் சேலம் நிலையத்தில் இறங்கினால் ஏறியது குதிரைவண்டியில். உழைப்புக்கு மட்டும் அது ஏழையின் விலங்கு, கல்விக்கு வந்ததும் சீமான் விலங்கு என்பது என்ன நீதி?

பெண்பிள்ளைக்கு எதற்கு என்பவர்களுக்கு எம் துறையிலிருந்தே விடை உண்டு. காதல் கைகூடாத தலைவன் பனங்கருக்கால் குதிரை செய்து ஏறலாம். பெண்ணுக்கு அப்பனைமட்டைக் குதிரையும் கூடாது என்று தொல்காப்பியம் வரையறுத்தது. அவ்வரையறையை மீறிப் பெண்குரலில் இரண்டு மடல் பாடியவர் திருமங்கையாழ்வார். ஆடல்மா என்னும் குதிரையேறித் திரிந்தவர் அவர். குதிரை ஏறத் தெரிந்த ஒருவருக்குத்தான் பெண்ணையும் ஏற்றிப் பார்க்கத் தோன்றியிருக்கிறது என்று நாம் வகுப்பில் சொல்வதுண்டு. இதனை ஆய்வாகக் கொள்ள வேண்டா.

விழுந்தால்? விழும். விழாமல் கற்க இயலாது. அதற்காகவே கவசமும் கயிறும் மென்மண் தரையும் சொன்னோம். மூவரை ஒரே இருசக்கர வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குக் கொண்டுவிடும் தந்தையர் குதிரையின் ஆபத்தைப் பற்றி எமக்கு வகுப்பெடுக்கும்போது சிரிப்பை அடக்குவது அரிதாகிறது.

குதிரை பாவமில்லையா என்ற கேள்வியை மட்டும் நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். அது உண்மையான கேள்வி. வாயில் இரத்தம் பார்த்த பிள்ளையின் தந்தை அதைத் தள்ளவும் முடியாது. ஒரு விலங்கின் முதுகு நம் பிள்ளையின் மகிழ்ச்சிக்காகப் படைக்கப்பட்டதன்று. ஆனால் கற்பிக்காமல் விடுவதால் குதிரைகள் விடுதலை பெற்றுவிடவில்லை என்பதையும் பார்க்கிறோம். அவை ஊர்வலத்திலும் சுற்றுலாத்தலத்திலும் முட்கடிவாளத்தோடு நிற்கின்றன. அந்த முள்ளைக் கண்டு இது தவறு என்று சொல்லத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லாமையே அவற்றின் கேடு. எம் மகள் ஒருத்திக்கு இன்று தெரியும்.

இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. குதிரைமேல் இருப்பவர் மற்றவரைக் குனிந்து பார்க்கிறார்; மற்றவர் அவரை நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. யார் நிமிர்வது, யார் குனிவது என்பதில் இந்நாடு மிகக் கண்டிப்பானது. 2018 மார்ச்சில் குசராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் இருபத்தொரு வயதுத் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வளர்த்து அதில் ஏறித் திரிந்தமையே காரணம் என்று அவருடைய தந்தை புகார் அளித்தார். வடமாநிலங்களில் தலித் மணமகன் குதிரையேறி ஊர்வலம் வரக் காவலர் துணை வேண்டியிருக்கும் செய்தி ஆண்டுதோறும் வருகிறது. இங்கே அப்படியில்லை என்று மார்தட்டும் நண்பர்கள், தம் ஊரின் எந்தத் தெருவில் யார் செருப்பணிந்து நடந்தார், யார் கழற்றிக் கையில் எடுத்தார் என்று தம் பாட்டனாரைக் கேட்டுவிட்டு வரட்டும். குதிரையேற்றம் என்பது உடற்பயிற்சி மட்டுமாக இருந்ததே இல்லை. அதனால்தான் அதைப் பொதுவில் கற்பிக்க வேண்டும் என்கிறோம். எவர் பிள்ளையும் அந்த உயரத்திலிருந்து ஒருமுறை ஊரைப் பார்க்க வேண்டும்.

சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்டது. காரணம் கொல்லிமலை. ஓரியின் மலையில் வாழும் அம்மக்களின் பிள்ளைகள் பள்ளி செல்லும் வழியில் ஓரியின் சிலையைக் கடக்கிறார்கள். ஆடி 17, 18 நாட்களில் அரசு அவனுக்கு விழா எடுக்கிறது, கலைநிகழ்ச்சிகள் நடக்கின்றன. வில்லுக்குப் பேர்போனவன் ஆகையால் வில்வித்தைப் போட்டியும் நடக்கிறது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். வில்லை மீட்டெடுத்தவர்களுக்குக் குதிரை ஏன் நினைவுக்கு வரவில்லை? பெயரையே பகிர்ந்துகொண்ட குதிரையைக் கல்லாக்கி நிறுத்திவிட்டு அவனுக்கு மட்டும் மாலை சாத்துவது, ஓரிக்குச் செய்யும் பாதி மரியாதைதான்.

கேட்பது பெரிதொன்றும் இல்லை. பத்து மட்டக்குதிரைகள், இரு பயிற்றுநர், ஒரு லாயம், வட்டமாய் மணல் பரப்பிய ஓரிடம். மருத்துவம் பார்க்க நாமக்கல்லிலேயே 1985 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இடமும் அறிவும் அரசிடம் இல்லை என்று எவரும் சொல்ல வேண்டா. ஒருகாலத்துச் சேலம் மாவட்டமாகிய ஓசூரில் உள்ள கால்நடைப் பண்ணை 1824இல் தொடங்கப்பட்டபோது, கும்பினிப் படைக்குக் குதிரை வளர்க்கவே தொடங்கப்பட்டது. வெள்ளையன் படைக்கு இம்மண்ணில் குதிரை வளர்ந்ததென்றால் எம் பிள்ளைகளுக்கு ஏன் வளராது? கல்லூரி மாணவர்க்குத் தேசிய மாணவர் படையில் குதிரைப் பிரிவு ஒன்று இருக்கிறது. அதன் நீட்சியாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்று அமைக்கக் கூடாதா? மனு எழுதி, உடன்பணியாற்றுவோர் பதினொருவரிடம் கையொப்பமும் பெற்று, உரிய இடத்தில் கொடுத்தோம். அபாகஸ் சொன்னவரும் ஒப்பமிட்டார் என்பதைப் பதிவுசெய்தாக வேண்டும். மனு பெற்றுக்கொண்டதற்கான சீட்டு எம்மிடம் இருக்கிறது.

கடந்த ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் குதிரைச்சந்தைக்கு மகளை அழைத்துச் சென்றோம். காதுநுனிகள் உள்வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரி, கத்தியவார் குதிரைகளும், நாட்டுக் குதிரைகளும் வரிசையாக நின்றன. அவள் எதன்மேலும் ஏறக் கேட்கவில்லை. ஒவ்வொன்றின் வாயையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் முதியவர் ஒருவர், முள்ளற்ற சாதாரண இரும்பு மாட்டிய மட்டக்குதிரை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றுவிட்டாள்.

"வா அம்மணி, பயப்படாத. பொறத்தாலே மட்டும் போகப்படாது. தோள்பக்கமா வந்து நில்லு. மொதல்ல அது உன்னைய மோந்து பாக்கட்டும்" என்றார்.

சென்னையில் வேலியோரம் நின்று நாம் கற்ற முதற்பாடம், சொல் மாறாமல்! அவர் எந்தக் கூடத்திலும் பயின்றவரல்லர். இளமையில் வண்டிக்குதிரை வைத்திருந்தவராம். மார்க்கோ போலோ இவரைப் பார்க்கவில்லை. நாமும் நூலிலேயே தேடிக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் பார்க்கவில்லை.

அவர் வழியாகவே காளப்பநாயக்கன்பட்டிக்கு அருகே தோட்டத்தில் குதிரை வைத்திருக்கும் ஒருவரின் அறிமுகம் கிடைத்தது. ரேக்ளா ஓடி ஓய்ந்த பெட்டைக் குதிரை, வயது பதினாறு. காசு வேண்டாம் என்றார். கொள்ளும் தவிடும் வாங்கித் தருகிறோம். தலைக்கவசம் சென்னையிலிருந்து வரவழைத்தோம். முதல் ஐந்து சனிக்கிழமைகளும் தேய்ப்பதிலும் சாணம் அள்ளுவதிலும் கழிந்தன. ஆறாம் சனிக்கிழமை, நெல் மூட்டைகள் இரண்டை அடுக்கி அதன்மேல் நின்று இடப்பக்கமாக ஏறினாள். கயிறு தோட்டத்துக்காரர் கையில். கைகளை விரிக்கச் சொன்னபோது விரித்தாள். மூன்றாம் சுற்றில் சரிந்தாள். நாம் ஓடுவதற்குள் தானே நிமிர்ந்துகொண்டாள். லகானைப் பற்றவில்லை.

இப்போது பதினான்காம் வாரம். தோட்டத்துக்காரரின் வீட்டில் வேலை செய்பவருடைய மகனும், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இருவரும் சேர்ந்திருக்கிறார்கள். நால்வர்க்கும் ஒரே கவசம். பெரிய தலைக்காரனுக்கு அது பொருந்தவில்லை. இன்னும் இரண்டு வாங்க வேண்டும். பழைய கவசம் வைத்திருக்கும் அன்பர்கள் தெரிவித்தால் நேரில் வந்து பெற்றுக்கொள்கிறோம். விரிசல் விட்டது மட்டும் வேண்டா.